நெய்வேலி முதல் ஓடந்துறை வரை: ஆடிக்காற்றோடு ஒரு பயணம்

ஜூலை 19, 2025, சனி – நெய்வேலி

பண்ருட்டியைத் தாண்டியதுமே பஸ்ஸுக்குள் பலாப்பழ வாசனை நிறைந்துவிட்டது. பருவம் முடிகிற நேரம். ஆர்ச் கேட்டில் இறங்கி, சாலையோரக் கூடையில் பத்துச் சுளை 40 ரூபாய் என்று வாங்கினேன். விற்ற அம்மா இரண்டு சுளையை மேலே வைத்து, "வெயிலில் வந்திருக்கிறாய் பாப்பா, இதைத் தின்றதும் தண்ணீர் குடித்துவிடாதே" என்று எச்சரித்தார். அப்படியொரு தித்திப்பு. தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது.

நகரியத்துக்குள் நுழைந்ததும் வெயில் ஒரு படி இறங்கிவிடுகிறது. வட்டம் வட்டமாகப் பிரித்த தெருக்கள், இருபுறமும் வயதான மரங்கள். சுரங்க ஊர் இப்படியும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எண்ணூரில் வளர்ந்தவள் நான். 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்ட அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் திசை சொல்வோம். கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் சேற்றை மிதித்து இறால் பிடித்தவர்கள் எங்கள் உறவினர்கள். நிலக்கரியிலிருந்து காற்றுக்கும் வெயிலுக்கும் தமிழ்நாடு மாறிக்கொண்டிருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மாற்றம் நடக்கிற ஊர்களில் நின்று, அங்கே இருப்பவர்களுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆடி பிறந்து காற்றும் எழுந்துவிட்டதால் கிளம்பிவிட்டேன்.

அனுமதி இல்லாமல் சுரங்கத்துக்குள் போகமுடியாது. ஆனால் வெட்டிக் கொட்டிய மண் மலையாக நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்றவேண்டும். அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், முதலாம் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இதையெல்லாம் கைவிரலால் மேசைமேல் கோடு போட்டு விளக்கினார். "இந்த நிலக்கரியில் பாதி எடை ஈரம்தான். லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனால் தண்ணீரைச் சுமந்த கணக்கு. அதனால்தான் குழிக்குப் பக்கத்திலேயே கொதிகலன் வைத்தார்கள்." அவருடைய நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டு 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 600 மெகாவாட். 2020 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியதை நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். அவர் தலையாட்டவில்லை. "அதற்குப் பதிலாக 1,000 மெகாவாட்டில் புதிதாகக் கட்டியதும் இதே நிலக்கரியில்தான், பாப்பா" என்றார். இங்கே சுரங்கத்தையும் மின் நிலையங்களையும் நடத்தும் என்எல்சி நிறுவனம் சூரிய மின்சாரமும் தயாரிக்கிறது. 1,300 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் அதில் பெரும்பகுதி ராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களில் இருக்கிறது. "வெயில் இங்கேயும்தானே அடிக்கிறது? கரி போன பிறகு எங்கள் பேரப்பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டார். டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

மாலையில் ஓர் ஆட்டோவில் வளையமாதேவிப் பக்கம் போய்வந்தேன். 2023 ஜூலையில் கதிர் பிடித்து நின்ற நெல்வயலுக்குள் சுரங்க விரிவாக்கத்துக்காகக் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதும், உயர்நீதிமன்றத்தில் நீதிபதியே அதைக் குறித்து வேதனைப்பட்டதும் நினைவிருக்கும். நிலம் கொடுத்தவர்களுக்கு நிரந்தர வேலை என்ற கோரிக்கை அப்பா காலத்திலிருந்து பிள்ளை காலம் வரை வந்துவிட்டது. ஒரு ஊரைத் தோண்டிப் பெற்ற மின்சாரம் எல்லோர் வீட்டிலும் எரிகிறது, தோண்டப்பட்ட ஊர் மட்டும் தன் பங்கை இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஜூலை 21, திங்கள் – தூத்துக்குடி

இரவு பஸ் மேலூருக்கு அருகே பஞ்சர். மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டு மணிநேரம் கொசுக்கடி. ஒரு தாத்தா தன் துண்டால் எனக்கும் பக்கத்திலிருந்த குழந்தைக்கும் சேர்த்து விசிறிக்கொண்டே இருந்தார். விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் தூத்துக்குடி வந்து சேர்ந்தோம்.

இங்கே ஆடியில் மழை இல்லை. மலைக்கு அந்தப்பக்கம் பெய்துவிட்டு வெறும் காற்று மட்டும் வருகிறது. கச்சான் என்கிறார்கள். கண்ணைத் திறக்கமுடியாத புழுதி. ஆனால் உப்பளக்காரர்களுக்கு இதுதான் நல்ல காலம். வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்தால் பாத்தியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். முள்ளக்காட்டுப் பக்கம் ஒரு வரப்பில் நின்றபோது, காலில் ரப்பர் பூட்ஸும் தலையில் துண்டுமாக ஒரு அக்கா பலகையால் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். பலகை பாத்தியின் தரையைக் கீறாமல் மேலேறிய உப்பை மட்டும் வருடி இழுக்கவேண்டும். கொஞ்சம் அழுந்தினால் சேறு கலந்து நிறம் கெட்டுவிடும். கை எவ்வளவு அழுந்தலாம் என்பது கைக்குத்தான் தெரியும் என்றார். அதிகாலையிலேயே வேலை தொடங்கிவிட்டதாம். வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பறிக்கிறது. அவருக்கு ஒரு கறுப்புக் கண்ணாடிகூட இல்லை.

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் இதே முள்ளக்காட்டில்தான் அமைந்தது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1979இல், துறைமுகத்தை ஒட்டி அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது. 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள், மொத்தம் 1,050. நமக்குச் சொந்தமாகக் கருநிலக்கரி கிடையாது. ஒடிசாவின் தால்சேரில் வெட்டி, பாரதீப் துறைமுகம் வரை ரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து கப்பலில் ஏற்றி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் அனுப்புகிறார்கள். நாம் ஒரு மின்விசிறியைச் சுழலவிட, ஒரு நிலப்பரப்பை வெட்டி வங்காள விரிகுடா முழுவதும் மிதக்கவிட்டுக் கொண்டுவருகிறோம். இந்தப் பாதையை வரைபடத்தில் முதன்முதலாகப் பார்த்த நாளிலிருந்து என்னால் அதை மறக்கமுடியவில்லை.

மதியம் ஊளி மீன் குழம்பும் சோறும் 130 ரூபாய். குழம்பில் புளி தூக்கல். பரிமாறியவர் கேட்காமலே இரண்டாம் முறை ஊற்றினார். மக்ரூன் கால் கிலோ 260 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முட்டை வெள்ளையும் முந்திரியும் சர்க்கரையும்தான், வாயில் போட்டதும் கரைந்துவிடுகிறது. காற்றில் ஈரமில்லாத நாளில்தான் நன்றாக மொறுமொறுக்கும் என்று கடைக்காரர் சொன்னார்.

ஜூலை 22, செவ்வாய் – கமுதி

இத்தனை வெயிலை நான் எங்குமே பார்த்ததில்லை. காலை ஒன்பது மணிக்கே பஸ்ஸின் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. வழியெல்லாம் சீமைக்கருவேலம். நடுவில் திடீரென்று ஒரு பக்கம் முழுக்கக் கறுநீலமாக மாறுகிறது. 2016 செப்டம்பரில் இயங்கத் தொடங்கியபோது, ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது இதுதான். 648 மெகாவாட், 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள். ஏறத்தாழ 8,500 பேர் வேலை செய்து எட்டே மாதத்தில் கட்டிமுடித்தார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். தகடுகள்மேல் தூசி துடைக்கத் தானியங்கிக் கருவிகள் உண்டு. அவையும் தங்களுக்கான மின்சாரத்தை வெயிலிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. இவ்வளவு பெரிய மின் நிலையத்தில் சத்தமே இல்லை, புகை இல்லை, சாம்பல் இல்லை. எண்ணூரில் பிறந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தீராது. கொஞ்ச நேரம் கண்கலங்கிப்போய் நின்றேன்.

அங்கிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. சீமைக்கருவேலத்தை வெட்டி, கட்டைகளை வட்டமாக நிறுத்தி அடுக்கி, மேலே வைக்கோலும் செத்தையும் போர்த்தி, ஈரமண் பூசி மூடுகிறார்கள். காற்று புகுந்தால் கட்டை எரிந்து சாம்பலாகிவிடும். புகாவிட்டால் நெருப்பு அணைந்துவிடும். அதனால் அங்கங்கே சிறு துளை விட்டு, புகையின் நிறத்தைப் பார்த்து ஒன்றை அடைத்து இன்னொன்றைத் திறக்கிறார்கள். மூட்டத்தின்மேல் விரிசல் விட்ட இடத்தில் ஒரு பெண் மண்ணைக் குழைத்து அப்பிக்கொண்டிருந்தார். கை முழங்கை வரை கறுப்பு. "வெள்ளைப் புகை நின்று நீலம் வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம், தாயி" என்றார். ராத்திரியும் ஒருவர் விழித்திருந்து பார்க்கவேண்டும். பெரிய மூட்டமாக இருந்தால் பத்து நாள் வரை.

தகடு மாட்டிய காலத்தில் அவர் கணவரும் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார். நல்ல கூலி. எட்டு மாதம். பிறகு மறுபடி கரி. "இப்போது அங்கே புல் வெட்டவும் காவலுக்கும் கொஞ்சம் பேர் போகிறார்கள். அதற்கும் ஆள் தெரியவேண்டும்." பேசிக்கொண்டே தூக்குவாளியிலிருந்து எனக்கும் ஒரு சொம்பு கம்மங்கூழ் ஊற்றினார். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், ராமநாதபுரத்துக் குண்டு மிளகாயில் போட்டது. என்ன கொடுப்பது என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார்.

புகையை இருமிக்கொண்டு வேலை செய்யும் அவரை, 648 மெகாவாட் தூய மின்சாரம் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இதில் தொழில்நுட்பத்தின் குற்றம் ஒன்றுமில்லை. கட்டிமுடித்த பிறகு அதன் வருமானத்தில் ஊருக்கு ஒரு பங்கு என்று ஆரம்பத்திலேயே யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். நெய்வேலிப் பெரியவர் கேட்ட கேள்வியும் இதுதானே?

ஜூலை 23, புதன் – கயத்தாறு

கோவில்பட்டியில் இறங்கி ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டேன், 50 ரூபாய். கரிசல் நிலத்துக் கடலையும் வெல்லமும். பையில் வைத்தால் தீர்ந்துவிடுகிறது.

அங்கிருந்து உள்ளூர் பஸ் ஒன்றில் போகும்போது ஒரு முக்கில் வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. எட்டிப் பார்த்தால், புதுக் காற்றாடிக்கான இறக்கை ஒன்று ஊருக்குள் திரும்பிக்கொண்டிருக்கிறது. 70 மீட்டருக்கும் மேல் நீளம். முன்னால் இழுக்கும் வண்டி ஒரு தெருவில் இருக்கிறது, பின்சக்கரம் இன்னும் நெடுஞ்சாலையில். பின்சக்கரங்களைத் திருப்புவதற்குத் தனியாக ஓர் ஆள், கழுத்தில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு அதன் விசைகளை அழுத்தியபடி கூடவே நடந்து வருகிறார். இரண்டு பேர் நீண்ட கழியால் கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதற்காக ஊரில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டுத் திண்ணையின் மூலை இறக்கைக்கு ஒரு சாண் தூரத்தில். அந்த வீட்டுப் பாட்டி திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை, கையில் அரிசி முறத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு அங்குலத்தையும் மேற்பார்வை பார்த்தார். கழுத்தில் பெட்டி மாட்டியவர் வியர்வையைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. ஒன்றே முக்கால் மணிநேரம் ஆயிற்று. திண்ணையில் ஒரு சிராய்ப்பு இல்லை. இறக்கையின் நுனி முக்கைக் கடந்ததும் பஸ்ஸில் இருந்தவர்கள் தாமாகவே கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் காட்டுப்பக்கம் நடந்தேன். காற்றாடிகளைப் பரிசோதிக்கும் தேசிய நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. கோபுரத்தின் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து ஆடுகளை மடக்கியிருந்தார் ஓர் அண்ணாச்சி. நிழல் நகர நகர ஆடுகளும் நகர்கின்றன. "இந்தக் காடு எங்களுடையதுதான்ம்மா. ஏக்கர் 15,000 ரூபாய்க்குக் கொடுத்தோம். அப்போது அது பெரிய பணம்" என்றார். தொண்ணூறுகளில் தரகர் ஒருவர் வந்து வாங்கியிருக்கிறார். எதற்காக வாங்குகிறார்கள் என்று கோபுரம் எழும்பிய பிறகுதான் தெரிந்ததாம். இன்று அதே காட்டில் இரவுக் காவல் பார்க்கிறார், மாதம் 9,500 ரூபாய்.

அந்தக் காலத்தில் காற்றாடி வாங்குகிறவர்களுக்கு முதல் ஆண்டிலேயே முழு விலையையும் தேய்மானமாகக் கழித்து வருமான வரியை மிச்சப்படுத்திக்கொள்ளும் சலுகை இருந்தது. நூற்பாலைகளும் பெரிய வியாபாரிகளும் போட்டி போட்டு வாங்கினார்கள். காற்றாலையில் தமிழ்நாடு தழைக்க அந்தச் சலுகை பெரிதும் உதவியது, அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வரி கட்டும் அளவு லாபம் உள்ளவருக்குத்தான் வரிச்சலுகை பயன்படும். ஆடு மேய்க்கிறவருக்கு எந்த வரியைக் கழிப்பது? நிலம் அவருடையது, காற்று அவர் ஊருடையது, காற்றாடி மட்டும் 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஒருவருடையது என்று ஆனது இப்படித்தான்.

ஜூலை 24, வியாழன் – ஆரல்வாய்மொழி

ஆடி அமாவாசை. கன்னியாகுமரியில் கடலாடி முன்னோருக்குத் திதி கொடுக்கப் போகிறவர்களால் திருநெல்வேலி பேருந்து நிலையம் திணறியது. நாங்குநேரி தாண்டும் வரை ஒற்றைக்காலில் நின்றேன். ஒரு அம்மா எழுந்து, "நீ கொஞ்சம் உட்காரு மக்களே, எனக்கு நின்றால் மூட்டுக்கு நல்லது" என்றார். அது உண்மையில்லை என்பது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

பணகுடி வரும்போதே ஜன்னல் கண்ணாடிகள் தடதடக்கத் தொடங்கின. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே தேய்ந்து முடிகிற இடத்தில் ஒரு வாசல். அரபிக்கடலிலிருந்து வரும் காற்று மலையில் மோதி, வழி தேடி, இந்த வாசலில் ஒடுங்கி வேகம் பிடித்து இந்தப்பக்கம் பாய்கிறது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன்னால் லாரிகள் நின்று தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகின்றன. அர்ச்சனைத் தட்டிலிருந்த குங்குமம் ஐயர் கையிலிருந்து என் நெற்றிக்கு வருவதற்குள் காற்றில் போய்விட்டது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் இந்த ஊரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கவேண்டும். திரும்பிய பக்கமெல்லாம் காற்றாடி. சின்னது, பெரியது, கம்பிச் சட்டத்தில் நிற்பது, குழாய்க் கோபுரத்தில் நிற்பது. அந்த ஓசையை விவரிப்பது கடினம், அலை ஓயாத கடற்கரையில் நிற்பதைப் போல இருந்தது.

பழக்கடையில் மட்டிப்பழம் வாங்கும்போது ஒரு தொழில்நுட்பத் தம்பியோடு பேச்சு கிடைத்தது. ஐடிஐ படித்தவர், பணகுடிப் பக்கம். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு கோபுரத்துக்குள் ஏணியில் ஏறுவது அவர் வேலை. காற்றுக் காலத்தில் பெரிய பழுது பார்க்க முடியாது, ஏறினால் ஆபத்து. அதனால் ஐப்பசிக்குப் பிறகுதான் பற்சக்கரப் பெட்டியைத் திறக்கிறார்கள். விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தைக் காற்று தாண்டினால் காற்றாடி தானாகவே நின்றுவிடும். "அதோ, அது 250 கிலோவாட் அக்கா. என்னைவிட மூத்தது" என்று முப்பது மீட்டர் உயரத்தில் சுழன்ற ஒன்றைக் காட்டினார். அதன் இறக்கை 15 மீட்டர்கூட இராது. நேற்று தெருமுக்கில் திரும்பிய இறக்கையை நினைத்துக்கொண்டேன். 3 மெகாவாட் காற்றாடி ஒன்று வந்தால் இதைப் போன்ற பன்னிரண்டுக்குச் சமம்.

அப்படியென்றால் நாட்டிலேயே நல்ல காற்று வீசும் இடங்களில் ஒன்றை முப்பது வருடப் பழைய இயந்திரங்கள் பிடித்துவைத்திருக்கின்றன. மாற்றுவதற்கு 2024இல் அரசு தனிக் கொள்கையே அறிவித்துவிட்டது. சிக்கல் எங்கே என்றால், பெரிய காற்றாடிகளுக்கு இடையே நல்ல இடைவெளி வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேருடைய சின்னக் காற்றாடிகளை எடுத்துவிட்டு ஒன்று வைத்தால், அது யாருடையது? வருமானத்தை எப்படிப் பிரிப்பது? அவர்களுக்குள் உடன்பாடு வரவேண்டும். அப்படியொரு கூட்டுக் கணக்கைப் புதிதாக எழுதும்போது ஊராட்சியின் பெயரையும் அதில் ஒரு பங்குதாரராகச் சேர்க்க இதைவிட நல்ல தருணம் வராது. இதை அந்தத் தம்பியிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "எங்கள் ஊர்ப் பெயரில் ஒன்று இருந்தால் நான் மழையிலும் ஏறுவேன் அக்கா" என்றார்.

இரவு விடுதியில் ஜன்னலை மூடியும் காற்று விசிலடித்தது. அறை 700 ரூபாய். தூக்கம் வரவே இல்லை.

ஜூலை 26, சனி – உடுமலைப்பேட்டை

நேற்று முழுதும் பஸ். உடம்பு முறிந்துவிட்டது.

இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. குளிர்ச்சியாக, சாரலோடு வருகிறது. காலையில் ஒரு வீட்டு மெஸ்ஸில் அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், பக்கத்தில் தயிர், 70 ரூபாய். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க அம்மணி" என்று சொல்லிக்கொண்டே கரண்டி இலைக்கு வந்துவிட்டது.

பைக்காரா மின்சாரம் 1930களில் மலையிலிருந்து இறங்கி வந்ததால்தான் கோவை வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. மின்சாரம் எப்போதும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கையில் இருக்கிற கணக்கு. மெஸ் நடத்தும் அம்மாவின் கணவர் 2012ஐ மறக்கவே இல்லை. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் மின்வெட்டு. சின்னப் பட்டறைகளெல்லாம் டீசல் வாங்கியே நொடித்துப்போயின. "வைகாசி பிறந்து காற்று எழும்பினால்தான் மூச்சு வரும்" என்றார். ஆலைக்காரர்கள் தெற்கே காற்றாடி வைத்து, காற்றுக் காலத்தில் மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் சேர்த்துவைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அவர்களைக் காப்பாற்றியது.

மாநிலத்தின் தேவை 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதாவது சித்திரை வெயிலில், காற்று எழுவதற்கு முன். ஆடியில் காற்று சில நாட்கள் 10 கோடி யூனிட்டுக்கு மேல் தருகிறது. அதை அப்படியே எடுத்துவைக்க வழி வேண்டும். ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில் ஒரு நல்ல வழி 1980களிலேயே செய்துவைத்திருக்கிறார்கள்: மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவது, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுப்பது. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்றும் கட்டத் தொடங்கினார்கள். ஆனாலும் சித்திரையின் தேவைக்கு ஆடியின் காற்றைச் சேர்த்துவைக்க இவை போதா. அந்த இடைவெளி இருக்கும்வரை தூத்துக்குடிக்குக் கப்பல் வந்துகொண்டுதான் இருக்கும். இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பிற்பகல் மைவாடிப் பக்கம் போனேன். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஓடந்துறை ஊராட்சி தன் காற்றாடியை வைக்கத் தேர்ந்தெடுத்த ஊர் இது. மழை பிடித்துக்கொண்டது. ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் ஒதுங்கியபோது இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், தோப்பு விலை 25 ரூபாய்.

ஜூலை 28, திங்கள் – ஓடந்துறை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிச் சாலையில் கொஞ்ச தூரம். ஒரு பக்கம் நீலகிரி, மறு பக்கம் பவானி. பாக்குமரமும் வாழையும். ஆடிப்பூரம் என்பதால் அம்மன் கோயிலில் பெண்கள் கூட்டம். எனக்கும் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்கள்.

இந்த ஊரைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரமும். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஊராட்சி கட்டவேண்டிய மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அப்போதைய தலைவர் ஆர். சண்முகம் காலத்தில், 2006இல், ஊராட்சி தன் பெயரிலேயே 350 கிலோவாட் காற்றாடி ஒன்றை வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். ஆண்டுக்கு 6.75 லட்சம் யூனிட் வரும், ஊருக்குத் தேவை 4.5 லட்சம், மிச்சத்தை வாரியத்துக்கு விற்கலாம் என்பது கணக்கு. கடனை அந்த வருமானத்திலேயே அடைத்தார்கள். ஆலை முதலாளிகள் செய்ததையே ஓர் ஊராட்சி செய்தது. ஆனால் பத்திரத்தில் இருக்கிற பெயர் ஊரின் பெயர்.

ஊருக்குள் நடந்தால் பெரிய அதிசயம் எதுவும் கண்ணில் படாது. தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது. அரசின் பசுமை வீடு திட்டத்தில் கட்டிய வீடுகளின் கூரையில் சூரியத் தகடு. எனக்கு அந்தச் சாதாரணம்தான் பிடித்திருந்தது.

திரும்பும் வழியில் பக்கத்து ஊர் ஒன்றில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, வளையல் போட்டுவிட்டவர்களில் இருவர் அங்கே நின்றார்கள். மகளிர் குழுவில் இருக்கிறார்கள். கூரையில் தகடு மாட்டுவது பற்றிக் கேட்டார்கள். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய அரசு மானியம் தருகிறது என்றேன். இளையவர் சிரித்தார். "எங்கள் வீட்டுக்கு நூறு யூனிட் இலவசத்திலேயே பாதி ஓடிவிடுகிறது. மானியம் போக மீதிப் பணத்தைப் போட்டு எங்களுக்கு என்ன மிச்சம், அம்மணி? ஊர் மோட்டாருக்குத்தான் பில் வருகிறது." அவர் சொன்னது சரி. ஏழை வீட்டுக் கூரையைவிட ஊர்ப் பொதுவில் ஒன்று வாங்குவதில்தான் இங்கே பொருள் இருக்கிறது. ஓடந்துறைக் கணக்கைக் குழு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன்.

மூத்தவர் அதை இரண்டு முறை வாசித்தார். "ஆகஸ்ட் 15 கிராமசபையில் இதைக் கேட்டுவிடலாம். ஆனால் கையெழுத்து யார் போடுவது? தலைவர் பதவிக்காலம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. இப்போது தனி அலுவலர்தான்." தேர்தல் வரட்டும் என்றார் இளையவர். அதெல்லாம் காத்திருக்க முடியாது, தீர்மானம் நோட்டில் ஏறிவிட்டால் யார் தலைவராக வந்தாலும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார் மூத்தவர். இருவரும் அங்கேயே நின்று, இயந்திரம், இடம், கடன் என்று ஒவ்வொன்றாக வாதாடினார்கள். என் பஸ் வந்தது. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தீர்மானத்தின் முதல் வரியை எப்படித் தொடங்குவது என்பதில்தான் பேச்சு நின்றிருந்தது.